கையடக்க க்ரூவ்பாக்ஸைக் கொண்டு கணினி இசையை வாசிப்பது எப்படி

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் வீட்டின் ஒரு மூலையில் இசைப்பதிவு தொடங்கியிருக்கும் இளைஞர்கள் அடிக்கடி ஒரே சிக்கலோடு என்னிடம் வருகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணனோ மாமாவோ விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது க்ரூவ்பாக்ஸ் என்ற சிறிய இசைக்கருவிப் பெட்டியை வாங்கி வந்து கொடுத்திருப்பார். தனியாக வாசிக்கும்போது அது அருமையாக ஒலிக்கும். கணினியோடு இணைத்துவிட்டாலோ ஒன்றுமே கேட்காது, அல்லது ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்கும், அல்லது தாளம் மெல்ல விலகிக்கொண்டே போகும். கருவி பழுதாகிவிட்டது என்று எண்ணி அதை மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். கருவியில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. ஒரே கேபிளின் வழியே மூன்று வகையான செய்திகள் ஒரே நேரத்தில் போய்வருகின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

எந்தச் சுரத்தை எவ்வளவு அழுத்தி அடிக்க வேண்டும் என்பது முதல் வகைச் செய்தி. தாளம் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பது இரண்டாவது வகை. எந்தக் குமிழ் எவ்வளவு திருப்பப்பட்டது என்பது மூன்றாவது வகை. முதல் நாளிலேயே மூன்றையும் திறந்துவிட்டால், கோளாறு எதில் இருக்கிறது என்று அனுபவசாலியாலும் சொல்ல முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒன்று சரியாகக் கேட்ட பிறகுதான் அடுத்ததைத் திறக்கிறோம்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

ட்ரம் ஒலிகள், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர், தாளத்தைப் படிப்படியாக அடுக்கிவைக்கும் சீக்வென்சர் ஆகிய மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதுதான் க்ரூவ்பாக்ஸ். ரோலண்ட் நிறுவனம் 1996இல் எம்.சி.303 என்ற கருவியை இந்தப் பெயரில் வெளியிட்டது. பிறகு அதுவே இவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. அதைக் கன்ட்ரோலராகப் பயன்படுத்துவது என்றால், அதனுள் இருக்கும் ஒலிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, விரலால் அழுத்தும் அதன் பேட்களையும் குமிழ்களையும் சீக்வென்சரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, கணினியிலுள்ள ஒலிகளை அவற்றால் வாசிப்பது என்று பொருள். இரண்டுக்கும் இடையே உள்ள பொதுமொழி 1983இல் வெளியான மிடி. மிடியில் ஒலி எதுவும் பயணிப்பதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். "36ஆம் எண் சுரத்தை 100 என்ற அழுத்தத்தில் அடி" என்பது போன்ற துண்டுச்சீட்டுகள் மட்டுமே அதில் போகின்றன. சீட்டைப் படித்து ஒலியை எழுப்புவது கணினியின் வேலை.

எல்லாச் சிறு கருவிகளும் இந்தச் சீட்டை எழுதி அனுப்பக்கூடியவை அல்ல. 2013இல் வந்த கோர்க் வோல்கா பீட்ஸில் மிடி உள்வாங்கும் துளை மட்டுமே உண்டு. கணினி சொல்வதை அது கேட்கும், கணினிக்கு அது எதையும் சொல்லாது. 2019இல் வந்த ரோலண்ட் எம்.சி.101, 2021இல் வந்த நோவேஷன் சர்க்யூட் ட்ராக்ஸ் போன்றவை யூ.எஸ்.பி. வழியாகவே இரு திசையிலும் மிடி பேசுகின்றன. இரண்டாம் கை விலையில் ஏதேனும் கிடைக்கிறது என்றால், அதன் பின்பக்கத்தில் செய்தியை வெளியே அனுப்பும் மிடி அவுட் துளை அல்லது மிடி பேசும் யூ.எஸ்.பி. இருக்கிறதா என்பதையே முதலில் விசாரியுங்கள். சில கருவிகளில் மிடிக்கு இயர்போன் துளை போன்ற 3.5 மி.மீ. துளை இருக்கும். அதில் ஏ வகை, பி வகை என்று இருவித இணைப்பு முறைகள் உள்ளன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, உள்ளே கம்பிகள் இடம் மாறியிருக்கும். வகை மாறினால் செய்தி போகாது.

அடுத்தது கேபிள். இதில் நானே ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன். தொலைபேசிக்கென்று விற்கப்படும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டும் இருக்கும், தகவலுக்கான கம்பிகள் இருக்காது. அப்படியொரு கேபிளை இணைத்தால் கருவியில் விளக்கு எரியும், மின்கலம் ஏறும், கணினி மட்டும் கருவியைக் காணாது. அதே கேபிளில் தொலைபேசியிலிருந்து ஒரு புகைப்படத்தைக் கணினிக்கு மாற்றிப் பாருங்கள். மாறினால் அது தகவல் கேபிள். இணைக்கும்போது ஹப் எதுவும் இல்லாமல் கணினியின் துளையிலேயே நேரடியாகச் செருகுவது முதல் நாளுக்கு நல்லது.

முதல் செய்தி: ஒரே ஒரு சுரம்

முதலில் க்ரூவ்பாக்ஸை இயக்கிவிட்டு, அதன் பிறகு கணினியிலுள்ள இசைப்பதிவு மென்பொருளைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் சில மென்பொருள்கள் கருவியைக் கண்டுகொள்வதில்லை. ஏபிள்டன் லைவில் அமைப்புகளுக்குள் மிடி பக்கத்துக்குப் போனால், கருவியின் பெயருக்கு எதிரே ட்ராக், சிங்க், ரிமோட் என்ற மூன்று கட்டங்கள் தெரியும். நான் மேலே சொன்ன மூன்று செய்திகளுக்கான மூன்று கதவுகள் இவைதான். இப்போதைக்கு உள்வரும் வரிசையில் ட்ராக் கட்டத்தை மட்டும் திறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். எஃப்.எல். ஸ்டுடியோவில் எஃப்10 விசையை அழுத்தி, உள்வரும் கருவிகளின் பட்டியலில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்து எனேபிள் என்பதை அழுத்தினால் போதும். ரீப்பரில் மிடி கருவிகளின் பட்டியலில் பெயரைச் சொடுக்கி உள்ளீட்டை இயக்க வேண்டும். அங்கே கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கும், அதை இப்போது தொட வேண்டாம்.

பெயர் தெரிகிறது, ஆனால் திறக்க முடியவில்லை என்று மென்பொருள் சொன்னால், வேறொரு நிரல் அந்தக் கருவியைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் ஒரு மிடி கருவியை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். கருவியின் ஒலிகளை மாற்றுவதற்காக உலாவியில் திறந்த பக்கத்தை மூடாமல் விட்டதே பலருக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

இனி ஒரு புதிய டிராக்கைத் திறந்து, அதில் ஒரு பியானோவை வைத்து, அதன் உள்ளீடாகக் க்ரூவ்பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, பதிவுக்குத் தயாரான நிலையில் வையுங்கள். மிடியில் 16 சேனல்கள் உண்டு; க்ரூவ்பாக்ஸின் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு சேனலில் பேசும். சர்க்யூட் ட்ராக்ஸில் இயல்பாக இரு சிந்தசைசர்களும் 1, 2ஆம் சேனல்களிலும், வெளிக்கருவிகளுக்கான இரு மிடி டிராக்குகள் 3, 4ஆம் சேனல்களிலும், ட்ரம்கள் 10ஆம் சேனலிலும் இருக்கும். "எல்லாச் சேனல்களும்" என்று டிராக்கை விட்டுவைத்தால் ட்ரம் அடிகள்கூடப் பியானோவில் விழும். ஆகவே ஒரு டிராக்குக்கு ஒரு சேனல் என்று இப்போதே பழகிக்கொள்ளுங்கள். ஒரு பேடை அழுத்திப் பியானோ ஒலித்துவிட்டால் முதல் கதவு திறந்துவிட்டது.

பேட் ஒன்று, ஒலி வேறு

பியானோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ட்ரம் கிட்டை வைத்ததும் புதியவர்கள் திகைத்துப்போகிறார்கள். கிக் என்ற பெரிய ட்ரம்மின் கனத்த ஒலி விழ வேண்டிய இடத்தில் பாங்கோ போன்ற ஏதோ ஓர் ஒலி கேட்கும். காரணம் எளியது. 1991இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கின்படி கிக்குக்கு 36, ஸ்நேருக்கு 38, மூடிய ஹைஹேட்டுக்கு 42, திறந்த ஹைஹேட்டுக்கு 46 என்று எண்கள் உண்டு. கணினியிலுள்ள ட்ரம் கிட்கள் பலவும் இதைப் பின்பற்றுகின்றன. சர்க்யூட்டின் நான்கு ட்ரம்களோ 60, 62, 64, 65 என்ற எண்களை அனுப்புகின்றன. ஜெனரல் மிடியில் இவை பாங்கோ, காங்கா, டிம்பாலே ஆகியவற்றின் இடங்கள். கருவியும் சரியாகத்தான் பேசுகிறது, கிட்டும் சரியாகத்தான் பதில் சொல்கிறது. கிட்டில் உள்ள ஒலிகளை அந்த எண்களுக்கு நகர்த்துவதே தீர்வு. நகர்த்தும்போது சுரத்தின் பெயரை நம்பாமல் எண்ணையே நம்புங்கள். ஏனெனில் அதே 60ஆம் எண்ணை ஏபிள்டன் சி3 என்றும், ரோலண்ட் சி4 என்றும், எஃப்.எல். ஸ்டுடியோ சி5 என்றும் எழுதுகின்றன.

இந்த இடத்தில் சற்று நின்று, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதியில் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளராதவர்கள் குறைவு. வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று அதன் கருவிகள் ஒரு சிறிய கிட்டுக்கு மிகப் பொருத்தமானவை. தெரிந்த கலைஞர் ஒருவரிடம் அனுமதி பெற்று, ஒவ்வொரு கருவியிலும் தனித்தனி அடிகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குடத்தின் வாயில் தட்டும்போது எழும் கனத்த ஒலியைக் கிக்கின் இடத்திலும், உடுக்கையை ஸ்நேர் இடத்திலும், ஜால்ராவைச் சேர்த்து அமுக்கும் ஒலியை மூடிய ஹைஹேட் இடத்திலும், அது ஒலிக்கவிடப்படும் நீண்ட ஓசையைத் திறந்த ஹைஹேட் இடத்திலும் வையுங்கள். ஜால்ராவின் இரு ஒலிகளையும் ஒரே சோக் குழுவில் சேர்த்துவிட்டால், அமுக்கும் ஒலி விழுந்த கணமே நீண்ட ஓசை நின்றுவிடும், கலைஞரின் கையில் நிற்பது போலவே. ஒவ்வொரு கருவிக்கும் மெல்லிய அடி, நடுத்தர அடி, வலுவான அடி என்று மூன்று பதிவுகளாவது எடுங்கள். மிடியில் அழுத்தத்தின் அளவு 127 வரை போகும். அதை மூன்று பங்காகப் பிரித்து அந்தப் பதிவுகளைப் பொருத்தினால் உங்கள் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலியின் நிறமே மாறும். ஒரே பதிவை ஏற்றி இறக்கி மட்டும் பயன்படுத்துவதில் இந்த உயிர் வராது. பேட்கள் அழுத்தத்தை உணராத கருவி என்றால், சீக்வென்சரில் ஒவ்வோர் அடிக்கும் அழுத்தத்தைக் கையால் மாற்றிக்கொடுங்கள்.

தாமதமும் இரட்டை ஒலியும்

பேடை அடித்ததற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே ஒரு தயக்கம் தெரிந்தால், மென்பொருளின் ஒலி அமைப்புகளில் பஃபர் அளவைப் பாருங்கள்; கணினி ஒரு தடவைக்கு எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்து அனுப்புகிறது என்பதே அது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில் 512 என்ற பஃபர் ஏறத்தாழ 11.6 மில்லி நொடி தாமதத்தைத் தரும்; 1024 என்றால் 23 மில்லி நொடிக்கும் மேல். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்ற கணக்கில், 512இல் வாசிப்பது நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் செண்டையின் ஒலியைக் கேட்பதற்கும், 1024இல் வாசிப்பது எட்டு மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்கும் சமம். சிங்காரி மேளத்தில் எட்டு மீட்டர் இடைவெளி விட்டு நின்று ஒருவரோடொருவர் நெருக்கமாகத் தாளம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று நமக்குத் தெரியும். 128க்குக் கொண்டுவந்தால் இடைவெளி ஒரு மீட்டராகிவிடும். வாசித்துப் பதியும்போது 128, பதிந்து முடித்துக் கலவை செய்யும்போது 512 அல்லது 1024 என்று வைத்துக்கொள்வது கணினிக்கும் சுமை தராது. விண்டோஸில் ஒலிக்கு, தாமதத்தைக் குறைக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்தக் குறைந்த அளவுகள் தடுமாறாமல் ஓடும்.

ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்டால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். க்ரூவ்பாக்ஸ் தன் சொந்த ஒலியையும் எழுப்பிக்கொண்டிருப்பது ஒன்று. அதன் ஒலியளவை முழுதாகக் குறையுங்கள், அல்லது வெளிக்கருவிக்கென்றே உள்ள மிடி டிராக்கைப் பயன்படுத்துங்கள். மற்றொன்று சுழல்: கருவி அனுப்பிய சுரத்தை மென்பொருள் வாங்கி, அதையே மீண்டும் கருவிக்குத் திருப்பி அனுப்புகிறது. இதற்கு மென்பொருளில் அந்த டிராக்கின் மிடி வெளியீட்டை இல்லை என்று மாற்றிவிட வேண்டும். லைவில் வெளிச்செல்லும் வரிசையில் ட்ராக் கட்டம் மூடியே இருக்கட்டும்.

இரண்டாம் செய்தி: தாளத்தை யார் நடத்துவது

இப்போது கடிகாரத்தைத் திறக்கலாம். மிடி கடிகாரம் என்பது ஒரு கால் சுரத்துக்கு, அதாவது மென்பொருள் கணக்கிடும் ஓர் அடிக்கு, 24 துடிப்புகள் வீதம் அனுப்பப்படும் ஒரு தொடர். நிமிடத்துக்கு 120 அடி என்றால் நொடிக்கு 48 துடிப்புகள். வேகம் எவ்வளவு என்ற எண் அதில் எழுதப்பட்டிருப்பதில்லை. பெறுபவர் துடிப்புகளின் இடைவெளியை அளந்து ஊகித்துக்கொள்கிறார். கணினி அந்த ஊகத்தைச் செய்யும்போது 119.8, 120.1 என்று எண் ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். அதனால் மென்பொருளே தாளத்தை நடத்தட்டும், க்ரூவ்பாக்ஸ் பின்தொடரட்டும் என்பதே என் உறுதியான பரிந்துரை. குரல், ஆர்மோனியம் ஆகியவற்றைப் பின்னால் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் நிலையான வேகம் கணினியில் இருப்பது இன்னும் அவசியம்.

லைவில் வெளிச்செல்லும் வரிசையில் சிங்க் கட்டத்தைத் திறக்க வேண்டும். எஃப்.எல். ஸ்டுடியோவில் வெளிச்செல்லும் பட்டியலில் சென்ட் மாஸ்டர் சிங்க் என்பதை அழுத்த வேண்டும். க்ரூவ்பாக்ஸில் கடிகாரத்தைப் பெறுவதை இயக்கி, அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். சர்க்யூட் ட்ராக்ஸின் அமைப்புப் பக்கத்தில் சுரம், சி.சி. (குமிழ்களின் செய்தி), கடிகாரம் ஒவ்வொன்றுக்கும் பெறுதல், அனுப்புதல் என்று தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. இரு பக்கமும் கடிகாரத்தை அனுப்பினால், ஒரே மேளத்துக்கு இரண்டு பேர் தாளம் போட்டது போலாகிவிடும். இனி மென்பொருளில் ப்ளே அழுத்தினால் கருவியும் தானாகப் புறப்பட வேண்டும். ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டு, கருவி சற்று முந்தியோ பிந்தியோ வந்தால், மென்பொருளின் கடிகாரத் தாமத அமைப்பில் சில மில்லி நொடிகள் கூட்டியோ குறைத்தோ இரண்டும் ஒன்றாக விழும்வரை சரிசெய்யுங்கள். காதால் செய்யும் வேலை இது.

கருவியின் 16 படிகள் நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்துக்கென்றே அமைந்தவை. நம் ஊர்ப் பாட்டுகளில் மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடையும் நிறைய உண்டு. தேவாலயப் பாடல்களிலும் ஆறு எண்ணிக்கையில் ஓடும் மெட்டுகளைக் கேட்கலாம். அதற்குப் பேட்டர்னின், அதாவது கருவியில் திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டின், நீளத்தை 12 படிகளாகக் குறைத்து, மென்பொருளில் தாள அளவை 6/8 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பதினாறில் ஒரு பங்குச் சுரங்கள் சேர்ந்தால் மிகச் சரியாக ஒரு 6/8 சுற்று. நீளத்தை மட்டும் குறைத்துவிட்டு மென்பொருளை 4/4இலேயே விட்டுவிட்டால் தாளத்தின் முதல் அடி ஒவ்வொரு சுற்றிலும் வேறோர் இடத்தில் விழும். வேகத்தையும் மாற்றிக் கணக்கிட வேண்டும். பல மென்பொருள்கள் கால் சுரத்தை ஓர் அடியாக எண்ணுகின்றன, நாம் கையால் போடும் அடியோ அதைவிட ஒன்றரை மடங்கு நீளமானது. ஆகவே கையால் போடும் அடி நிமிடத்துக்கு 80 என்றால், மென்பொருளில் 120 என்று எழுத வேண்டும்.

மூன்றாம் செய்தி: குமிழ்கள்

குமிழ்களின் செய்திக்கு சி.சி. என்று பெயர். ஒவ்வொரு குமிழுக்கும் ஓர் எண்ணும், 0 முதல் 127 வரை ஓர் அளவும் உண்டு. லைவில் ரிமோட் கட்டத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையுடன் எம் விசையை அழுத்தி, திரையில் வேண்டிய இடத்தைச் சொடுக்கிவிட்டுக் குமிழைத் திருப்பினால் இரண்டும் பிணைந்துவிடும். எஃப்.எல். ஸ்டுடியோவில் திரையிலுள்ள குமிழை வலச்சொடுக்கு செய்து லிங்க் டு கன்ட்ரோலர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

முதலில் எதைப் பிணைப்பது? உடுக்கையைத்தான். வாரை இறுக்கியும் தளர்த்தியும் அதன் சுருதியை வளைப்பதுதானே அந்தக் கருவியின் பேச்சு. பதிவு செய்த ஒலிகளை வாசிக்கும் சாம்ப்ளரில் உடுக்கைக்கு மட்டும் சுருதியை ஒரு குமிழோடு பிணைத்து, அதன் வீச்சை மேலும் கீழும் சில சுரங்களுக்குள் கட்டுப்படுத்துங்கள். ஒரு கையால் பேடில் அடித்துக்கொண்டே மறு கையால் குமிழைத் திருப்பும்போது, திரையில் சுட்டியை இழுத்துக் கிடைக்கவே கிடைக்காத அசைவு கிடைக்கும்.

மூன்று இடங்களில் கவனம் தேவை. க்ரூவ்பாக்ஸின் குமிழ்கள் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் டிராக்கின் சேனலில் பேசுகின்றன. 3ஆம் சேனலில் பிணைத்த குமிழ், 4ஆம் சேனல் டிராக்குக்கு மாறியதும் வேலை செய்யாமல் போனால் அது கோளாறு அன்று. அடுத்து, திரையில் ஓர் அளவும் கையில் வேறோர் அளவும் இருந்தால் தொட்டவுடன் ஒலி திடீரெனத் தாவும். மென்பொருளில் பிக்கப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் குமிழ் அந்த அளவைக் கடக்கும்வரை எதுவும் மாறாது. கடைசியாக, 120 முதல் 127 வரையிலான எண்களைக் குமிழ்களுக்குக் கொடுக்காதீர்கள்; எல்லாச் சுரங்களையும் நிறுத்துவது போன்ற வேலைகளுக்காக அவை ஒதுக்கப்பட்டவை. 64ஆம் எண் பியானோவின் சஸ்டெய்ன் பெடலுக்குரியது. தெரியாமல் அதைப் பிணைத்தால் சுரங்கள் நிற்காமல் தொங்கும்.

பதிவும் மின்சாரமும்

மூன்றும் இயங்கியபின், கருவியின் சீக்வென்சர் வாசிப்பதை மென்பொருளில் மிடியாகவே பதியுங்கள். பிறகு குடத்தின் ஒலி பிடிக்கவில்லை என்றால் அடிகளைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றலாம். கையால் அடித்ததைக் குவாண்டைஸ் செய்யும்போது, அதாவது அடிகளைத் தாளத்தின் சரியான இடத்துக்கு நகர்த்தும்போது, முழு அளவுக்கு இழுக்காமல் பாதி அளவோடு நிறுத்துவதே என் வழக்கம். முழுதாக இழுத்தால் உடுக்கை கடிகாரம் போல ஒலிக்கத் தொடங்குகிறது.

நம் மாவட்டத்துக்கு இரு பருவமழையும் உண்டு, மழைநாளில் மின்சாரம் போவதும் உண்டு. மின்கலத்தில் ஓடும் கருவியும் மடிக்கணினியும் இங்கே பெரிய ஆறுதல், எம்.சி.101 நான்கு டபுள் ஏ பேட்டரிகளிலேயே ஓடும். மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது ஒலியில் இரைச்சல் வந்தால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுழலால், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகச் சேர்ந்ததால், வந்த இரைச்சல். கருவியைக் கன்ட்ரோலராக மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதிலிருந்து வரும் ஒலி கேபிளே தேவையில்லை, அதைக் கழற்றினாலே சுழல் அறுந்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் கருவியை மேசையில் திறந்தபடி விட வேண்டாம். உப்புக்காற்று துளைகளின் உலோகத்தை அரிக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும்.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகு, பதிவு எதுவும் இல்லாத அந்தத் திட்டத்தை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். சேனல்கள், கிட், கடிகாரம், குமிழ்ப் பிணைப்புகள் எல்லாம் அதிலேயே இருக்கும். நாளை கேபிளைச் செருகி, கருவியை இயக்கி, அந்த டெம்ப்ளேட்டைத் திறந்ததும் முதல் பேடிலேயே குடம் ஒலிக்க வேண்டும்.